வாணியனும் வைத்தியனும்

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழிகளுள் ஒன்று. நோயுற்றபின் மருந்துக்குச் செலவிடும் பொருளை, நோய் வருமுன்னரே நல்லெண்ணெய்க்குச் செலவிடுக என்பது இதன் கருத்து. செக்கினின்று இழிந்த எண்ணெயைத் தலையிலே தேய்த்து முழுகியும், உணவிலே சேர்த்து உண்டும் உடலைப் பேணிய மக்கள் தம் வாழ்க்கையிற் கண்டதைச் சுருங்கச் சொல்லிவைத்தனர். எண்ணெய் என்னும் சொல்லே எள், நெய் என்னும் இரு சொற்களின் புணர்ச்சியாற் பிறந்தது என்பதைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். எள்ளின் நெய்க்கே உரியதாயிருந்த அப்பெயர் நாளடைவிலே தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் என எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராய் விரிந்துவிட்டது. பெயர் ஒன்றானமையின் பொருளும் ஒன்றே என மயங்குதல் மக்கட்கு இயல்பு. அம்மயக்கத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணவர் ஒருவர்க்கு எண்ணெயைப்பற்றி எழுதுதற்கு என்ன உரிமை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடையாக, என் குடும்பத்திலே நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

என் சித்தப்பா நாகர்கோவிலுக்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூரில் வாழ்கின்றார். தென்னந்தோப்புகளின் நடுவே பிறந்து வளர்ந்தவர். அவர் இரத்தத்திற் கொலஸ்ட்ரால் மிகுந்திருக்கின்றது எனக் கண்ட மருத்துவர், நாடோறும் உட்கொள்ளுமாறு ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்திருந்தார். சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு கோடை விடுமுறைக்கு யான் ஊர் சென்றிருந்தபோது, மாத்திரைகளை நிறுத்திவிட்டதாகவும், அவற்றிற்குப் பதிலாக நாடோறும் காலையில் வெறுவயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் பருகுவதாகவும் அவர் மகிழ்ச்சியோடு கூறினார். கைப்பேசியிலே ஒருவர் நயம்படத் தமிழிற் பேசிய சொற்பொழிவே அதற்குக் காரணம். கொலஸ்ட்ரால் என்பதே மருந்து விற்போர் கட்டிவிட்ட கதை என்றும், சூரியகாந்தி முதலிய விதையெண்ணெய்களே உடலெங்கும் அழற்சி மூட்டும் நஞ்சு என்றும், முன்னோர் உண்ட தேங்காயெண்ணெய் எந்நோயையும் தீர்க்கும் என்றும் அவர் பேசியிருந்தார். அதனைக் கேட்ட யான் யாது செய்தேன்? தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்குரிய பெருமிதத்தோடு, மேலே காட்டிய பழமொழியை எடுத்துக்கூறி அவரை மெச்சினேன். "படித்த பிள்ளையே சொல்லிவிட்டது" என்று அவர் அயலாரிடமெல்லாம் கூறினாராம்.

எட்டுத் திங்கள் கழிந்தன. ஒரு நாள் விடியற்காலையில் அவருக்கு நெஞ்சுவலி கண்டது. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயொன்று அடைபட்டிருந்தது. மருத்துவமனையில் உலோக வலைக்குழல் வைத்து அவ்வழியைத் திறந்தனர். கடவுள் அருளால் அவர் பிழைத்தார். அவர் உயிரோடிருப்பதனாலேயே இதனை எழுதும் துணிவு எனக்கு உண்டாயிற்று.

ஒருவர்க்கு நேர்ந்ததை வைத்துக்கொண்டு உலகத்துக்கு விதி வகுத்தல் அறிவுடைமையாகாது. அவர் எண்ணெய் பருகியதோடு மாத்திரையையும் நிறுத்தினார். அவ்விரண்டனுள் எது எவ்வளவு தீங்கு செய்தது என ஒருவர் வாழ்விலிருந்து பிரித்துக் கூறல் இயலாது. மாத்திரையை நிறுத்தியதே பெருங்காரணமாகவும் இருக்கலாம். ஆயினும் யான் சொன்ன சொல் அவர் துணிவுக்குத் துணைநின்றது என்பதில் ஐயமில்லை. எனவே, இதுபற்றி அறிஞர் ஆய்ந்து கண்டது யாது என அறிய விரும்பி, வேதியியல், விலங்கியல் துறை ஆசிரியர்களைப் பலமுறை அணுகி வினவியும், அவர்கள் காட்டிய நூல்களைப் படித்தும் தெளிந்தவற்றை என் கருத்தோடு சேர்த்து ஈண்டுக் கூறுகின்றேன்.

கொழுப்பு என்றாலே பகை என்று எண்ணுவாரும் நம்முள் உளர். அது தவறு. ஒரு கிராம் மாவுப்பொருள் உடலுக்கு 4 கலோரி ஆற்றல் தருமாயின், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகின்றது. ஏ, டி, இ, கே என்னும் வைட்டமின்கள் கொழுப்பின் துணையின்றி உடலிற் சேரா. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வுக்குக் கொழுப்பே அடிப்படை. 1929ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர், கொழுப்பை அறவே நீக்கிய உணவை எலிகளுக்கு அளித்தபோது அவை தோல் வெடித்து, வளர்ச்சி குன்றி நோயுற்றன எனக் கண்டனர். சில கொழுப்பமிலங்களை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, உணவின் வழியே பெறல் வேண்டும் என்னும் உண்மை அதனால் வெளிப்பட்டது. ஆகவே கொழுப்பு வேண்டுமா வேண்டாவா என்பது வினாவன்று. எக்கொழுப்பு, எவ்வளவு, எதற்கு மாற்றாக என்னும் மூன்றுமே வினாக்களாம்.

கொழுப்பின் வகையை ஓர் உவமையால் விளக்கலாம். ஒவ்வொரு கொழுப்பும் கிளிசரால் என்னும் தண்டிலே மூன்று கொழுப்பமிலங்கள் தொங்குவது போன்ற அமைப்பினது. கொழுப்பமிலம் என்பது கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. அச்சங்கிலியில் ஐதரசன் அணு ஏற இடமெல்லாம் நிரம்பியிருப்பின் அது நிறைவுற்ற கொழுப்பமிலம். இடம் எஞ்சியிருப்பின் நிறைவுறாக் கொழுப்பமிலம். நிறைவுற்றது நேரான மூங்கிற்கழி போல்வது. நேரான கழிகளை நெருக்கி அடுக்கலாம். ஆதலின் நெய்யும் தேங்காயெண்ணெயும் குளிரில் உறைகின்றன. நிறைவுறாதது இடையிடையே வளைந்த கொம்பு போல்வது. வளைந்த கொம்புகள் நெருங்கி அடுங்கா. ஆதலின் நல்லெண்ணெய் மார்கழிப் பனியிலும் உறைவதில்லை.

நம் வீடுகளில் வழங்கும் எண்ணெய்களை இவ்வகையால் நோக்குவோம். தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு நிறைவுற்றதே. அதனுட் பாதியளவு லாரிக் அமிலம். பனையெண்ணெயில், அஃதாவது கடைகளிற் பாமாயில் என விற்பதில், ஏறத்தாழப் பாதி நிறைவுற்றது. கடலையெண்ணெயில் நிறைவுற்றது நூற்றுக்கு 20க்கு உட்பட்டது. பெரும்பகுதி ஒலியிக் அமிலம். நல்லெண்ணெயில் நிறைவுற்றது 15 அளவே. எஞ்சியது ஒலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும் ஏறத்தாழச் சமமாய்க் கலந்தது. பெயரால் எல்லாம் எண்ணெயே. இயல்பால் எத்துணை வேறுபாடு!

இனி, இவை உடலின் வளர்சிதை மாற்றத்தில் செய்வது யாது எனக் காண்போம். இரத்தத்திலே கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் துகள்களுள் எல்.டி.எல். என்பது ஒன்று. அதனைப் பற்றி இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலின் மேற்பரப்பில் உள்ளன. இவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்னும் இருவர்க்கும் 1985ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவு அவ்வேற்பிகளின் தொழிலைக் குறைக்கின்றது. குப்பை அள்ளும் வண்டிகள் குறைந்த நகரம்போல, எல்.டி.எல். இரத்தத்தில் தேங்குகின்றது. தேங்கியது குழாய்ச் சுவரினுள் நுழைகின்றது. ஸ்டாட்டின் மாத்திரை செய்யும் வேலை இதன் மறுதலை. அது ஏற்பிகளைப் பெருக்குகின்றது. ஆகவே என் சித்தப்பா ஒரு கையால் வண்டிகளை நிறுத்தி, மறுகையால் குப்பையைப் பெருக்கினார் எனலாம்.

தேங்காயெண்ணெயை மட்டும் எடுத்து ஆய்ந்தவர் உளர். 2020ஆம் ஆண்டில், மக்களைக்கொண்டு நடத்திய 16 ஆய்வுகளை ஒருங்கு தொகுத்துக் கண்டபோது, பனை முதலிய வெப்பநாட்டு எண்ணெயல்லாத பிற தாவர எண்ணெய்களை உண்டாரினும் தேங்காயெண்ணெய் உண்டார்க்கு எல்.டி.எல். ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் மிகுந்திருந்தது. நற்கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல்.லும் 4 மில்லிகிராம் மிகுந்தது உண்மையே. ஆயின் மருந்துகளால் எச்.டி.எல்.லை உயர்த்தி நடத்திய பெரிய ஆய்வுகளில் இருதய நோய் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. ஆதலின் அவ்வுயர்வை நம்பி எல்.டி.எல். ஏற்றத்தை மறத்தல் தகாது. தேங்காயெண்ணெய் உடற்கொழுப்பை எரிக்கும் என்று கூறுவார், எட்டும் பத்துமாகிய கார்பன் உடைய சிறு சங்கிலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளைக் காட்டுகின்றனர். தேங்காயெண்ணெயிலே மிகுந்துள்ள லாரிக் அமிலத்துக்குப் பன்னிரண்டு கார்பன். அதன் பெரும்பகுதி ஏனைய நெடுஞ்சங்கிலிக் கொழுப்புப் போலவே உடலிற் செல்கின்றது. ஒன்றன் சிறப்பை மற்றொன்றற்கு ஏற்றிக் கூறல் வழுவேயாம்.

இன்னும் ஓர் ஆய்வு என் நெஞ்சிற் பதிந்தது. சுவீடன் நாட்டு உப்சாலா நகரில் 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது அது. மெலிந்தும் தடித்தும் இல்லாத 39 இளையோர்க்கு ஏழு வாரம் நாடோறும் மிகையாகச் சிறு கேக்குகள் அளித்தனர். ஒரு சாரார்க்குப் பனையெண்ணெயிற் செய்தவை. மறுசாரார்க்குச் சூரியகாந்தி எண்ணெயிற் செய்தவை. இரு சாராரும் ஏறத்தாழ 1.6 கிலோகிராம் எடை கூடினர். எடை ஒன்றே, ஆனால் கூடிய இடம் வேறு. பனையெண்ணெய் உண்டார்க்குக் கல்லீரலிலும் வயிற்றினுள்ளும் கொழுப்பு மிகுதியாய்ப் படிந்தது. சூரியகாந்தி எண்ணெய் உண்டார்க்கு அவ்விடங்களிற் குறைவாகவும், தசை முதலிய திசுக்களில் மிகுதியாகவும் எடை கூடியது. கல்லீரலிற் படியும் கொழுப்பு இன்சுலினின் தொழிலுக்கு இடையூறு ஆவது. நீரிழிவு பெருகிய நம் நாட்டில் இச்செய்தி கருதத்தக்கது.

நிற்க. அழற்சி என்னும் சொல்லே இந்நாளிற் பலரையும் அச்சுறுத்துகின்றது. அழற்சியாவது யாது? காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வெம்மையுற்று, வீங்கி வலிக்கின்றது. அது உடலின் காவலர் கூடிக் கிருமியோடு பொருவதன் அடையாளம். அழல் என்பதனடியாகப் பிறந்த அச்சொல் அதன் இயல்பை நன்கு உணர்த்துகின்றது. போர் முடிந்ததும் காவலர் கலைந்து செல்வாராயின் அது நலமே. கலையாது சிறு நெருப்பாய் ஆண்டுக்கணக்கிற் புகைந்துகொண்டிருப்பின் அதுவே நோய். குழாய்ச் சுவரினுள் நுழைந்த எல்.டி.எல்.லைப் பகையெனக் கருதி விழுங்கும் வெள்ளணுக்கள் கொழுப்பால் உப்பி அங்கேயே தங்குகின்றன. அவற்றைச் சுற்றி அழற்சி மூள்கின்றது. கானகினுமாப் என்னும் மருந்து எல்.டி.எல்.லைக் குறையாமலே அழற்சியை மட்டும் அடக்கி மாரடைப்பு முதலியவற்றைக் குறைத்தது என 2017ஆம் ஆண்டில் ஒரு பேராய்வு காட்டிற்று. ஆகவே இருதய நோயில் கொலஸ்ட்ராலுக்கும் பங்குண்டு; அழற்சிக்கும் பங்குண்டு. ஒன்றை மெய்யென்று கூறுவதற்கு மற்றொன்றைப் பொய்யென்று கூறவேண்டுவதில்லை.

விதையெண்ணெய்கள் அழற்சி மூட்டும் என்னும் கூற்று எங்ஙனம் எழுந்தது? அவற்றிலுள்ள லினோலியிக் அமிலம் ஒமேகா-6 வகையைச் சார்ந்தது. உடல் அதனின்று அராக்கிடோனிக் அமிலத்தை ஆக்கும். அவ்வமிலத்தினின்று புராஸ்டகிளாண்டின் முதலிய பொருள்கள் தோன்றி அழற்சியை மூட்டும். ஆஸ்பிரின் மாத்திரை இவை தோன்றாவாறு தடுத்தே வலியைத் தணிக்கின்றது என 1971ஆம் ஆண்டில் ஜான் வேன் காட்டினார். 1982ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். இவையெல்லாம் மெய்யே. இம்மெய்களைக் கோத்து, "ஆதலின் சூரியகாந்தி எண்ணெய் உண்டால் அழற்சி மிகும்" என முடித்தால் அது மெய்யாகுமா? தருக்கத்தில் அழகாயிருப்பது உடலிலும் நிகழவேண்டும் என்னும் நியதியில்லை. மக்கட்கு லினோலியிக் அமிலம் மிகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலே, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அடையாளங்கள் மிகவில்லை. காரணம், உடல் அவ்வமிலத்திற் சிறு பங்கையே அராக்கிடோனிக் அமிலமாக மாற்றுகின்றது. மாறியதனின்றும் அழற்சியை மூட்டுவனவற்றோடு அழற்சியை அவிப்பனவும் பிறக்கின்றன. இலக்கணத்திலே விதியை மட்டும் கற்று வழக்கை நோக்காதவன் எய்தும் பிழையே இது.

ஒமேகா-3 என்னும் மற்றொரு வகை கடல் மீனில் மிகுதி. கிரீன்லாந்து மக்கள் மீனும் கடல்விலங்கும் உண்டு வாழ்வதை 1970களில் டென்மார்க்கு அறிஞர் பேங்கும் டையர்பெர்க்கும் ஆராய்ந்தபின் உலகம் இதனைக் கவனிக்கலாயிற்று. இவ்வமிலங்கள் அழற்சியைத் தணிக்கும் பொருள்களுக்கு மூலம். அதுகொண்டு மீனெண்ணெய்க் குளிகையை அமுதம் எனக் கொள்ளல் ஆகாது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 25,871 பேரைக்கொண்டு முடித்த ஆய்விலே, அக்குளிகை மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றை ஒருங்கு நோக்கும்போது குறைத்ததாகத் தெரியவில்லை. எங்கள் கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் மத்தி மீனைக் குழம்பிட்டு உண்ணல், விலைமிக்க குளிகையை விழுங்குவதினும் அறிவுடைத்து என்பது என் துணிபு.

எல்லாக் கொழுப்புகளிலும் தீயது எனத் தயக்கமின்றிக் கூறத்தக்கது ஒன்றுண்டு. அது டிரான்ஸ் கொழுப்பு. நீர்மையான எண்ணெயில் ஐதரசனைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறையை ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் 1901ஆம் ஆண்டிற் கண்டார். அம்முறையாற் செய்த வனஸ்பதி 1930களில் நம் நாட்டிலே நெய்க்கு மாற்றாகப் பரவியது. அங்ஙனம் அரைகுறையாய் ஐதரசன் ஏறும்பொழுது, வளைந்த கொம்புகளுட் சில நிறைவுறாதனவாயினும் நிமிர்ந்துவிடுகின்றன. அவையே டிரான்ஸ். நிறைவுற்ற கொழுப்பினும் இது நன்று எனப் பலரும் பல ஆண்டு நம்பினர். 1990ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு மென்சிங்கும் காட்டனும், இது எல்.டி.எல்.லை உயர்த்துவதோடு எச்.டி.எல்.லையும் தாழ்த்தும் என மெய்ப்பித்தனர். அழற்சி அடையாளங்களும் இதனால் உயர்வதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2003ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாடு சட்டத்தால் இதனைக் கட்டுப்படுத்தியது. இதனால் உலகில் ஆண்டுதோறும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் மாய்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இஃதிருத்தல் கூடாது என்பது விதி. அறிஞரும் தவறுவர் என்பதற்கு வனஸ்பதி சான்று. தவற்றைச் சான்றுகொண்டு திருத்துவர் என்பதற்கும் அதுவே சான்று.

இனி, எதிர்க்கூற்றுகளை மறைத்தல் நேர்மையன்று. "முன்னோர் தேங்காயெண்ணெய் உண்டு நலமாய் வாழ்ந்திலரோ?" என்பர். பசிபிக் கடலிலே டோக்கலாவ், புக்காபுக்கா என்னும் தீவுகளின் மக்கள் தேங்காயைப் பேருணவாகக் கொண்டிருந்தும் இருதய நோய் அவரிடை அரிது என 1981ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது உண்மையே. அவர் உண்டது தேங்காய். புட்டியில் வடித்த எண்ணெயன்று. அதனோடு மீனும் கிழங்கும் உண்டனர், சர்க்கரை சிறிதே உண்டனர், உடலுழைத்து வாழ்ந்தனர். தேங்காயை மிகுதியாக உண்ட டோக்கலாவினர்க்குக் கொலஸ்ட்ராலும் மிகுந்தேயிருந்தது. நம் பாட்டியார் காலத்திலே கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுடும்பொழுதே அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏறும். இற்றைநாள் நமக்கு மாலைதோறும் பண்டிகையன்றோ? முன்னோர் உணவின் ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்தம் உழைப்பையும் அளவையும் விட்டுவிடுதல், உரையை விட்டுச் சொல்லைப் பற்றுதல் போலாம்.

மற்றொரு கூற்று, மின்னசோட்டா மாநிலத்தில் 1968 முதல் 1973 வரை நடந்த ஆய்வைப் பற்றியது. நிறைவுற்ற கொழுப்புக்கு மாற்றாகச் சோள எண்ணெய் உண்டார்க்குக் கொலஸ்ட்ரால் குறைந்தும் இறப்புக் குறையவில்லை என, அதன் பழங்குறிப்புகளை மீண்டும் ஆய்ந்தோர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதனை எளிதில் ஒதுக்குதல் தகாது. எனினும் அதிற் பலர் ஓராண்டுகூட அவ்வுணவில் நிலைத்திலர்; அக்காலத்து மார்கரீனில் டிரான்ஸ் கொழுப்பு கலந்திருக்கவும் கூடும். ஸ்பெயின் நாட்டிலே 7,447 பேரைக்கொண்டு நடத்தி, 2013இல் வெளியிட்டு, முறைப்பிழை கண்டு திருத்தி 2018இல் மீண்டும் வெளியிட்ட ஆய்வு, ஒலிவ எண்ணெயோ பருப்புக் கொட்டைகளோ மிகுந்த உணவு இருதய நோய் முதலியவற்றை நூற்றுக்கு 30 அளவு குறைத்தது எனக் காட்டியது. எல்லாவற்றையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அவ்விடத்திற் சர்க்கரையையும் மைதாவையும் நிரப்பினால் பயனில்லை. நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் பயனுண்டு.

இவற்றால் யான் துணிந்தது இது. தேங்காயெண்ணெய் நஞ்சன்று, மருந்துமன்று. உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வகுத்தபடி, நிறைவுற்ற கொழுப்பு நாளுணவின் ஆற்றலில் நூற்றுக்கு 10க்கு மேற்படலாகாது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பார்க்கு அது ஏறத்தாழ 22 கிராம். என் சித்தப்பா வெறுவயிற்றிற் பருகிய இரண்டு கரண்டி மட்டுமே அவ்வெல்லையைத் தீர்த்துவிடும். அதன்பின் உண்ணும் குழம்பும் பாலும் இறைச்சியும் எல்லைக்கு அப்பாற்பட்டன. தாளிப்பதற்கும் அவியலுக்கும் சிறிது தேங்காயெண்ணெய் வழங்குவார் அஞ்சவேண்டுவதில்லை. அன்றாடச் சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் மாறி மாறி வழங்குதல் நன்று. காய்ச்சிய எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சுதல் எவ்வெண்ணெயாயினும் தீது. அங்ஙனம் சிதைந்த பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைக் கடந்த எண்ணெயை வழங்கலாகாது என 2018 ஜூலை முதல் நம் நாட்டில் விதியுண்டு. நம் விடுதிச் சமையற்கூடத்திலே, பொரித்து எஞ்சிய எண்ணெயை மறுநாட் பொரியலுக்கு வைத்துக்கொள்வதில்லை என ஒரு தீர்மானம் செய்துகொள்ளலாகாதா? வாரம் ஒருநாளேனும் பொரித்த மீனுக்கு மாற்றாக மீன் குழம்பு அளிக்கலாகாதா? மாணவர் குழுவினர் இதனைக் கருதுமாறு வேண்டுகின்றேன்.

தமிழ் மாணவர்க்கு இதனினும் பெரிய கடனொன்று உண்டு. என் சித்தப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அறிஞர் கண்ட உண்மைகள் ஆங்கில ஏடுகளிலே உறங்குகின்றன. அவர் செவிக்குத் தமிழில் இனிமையாக வந்து எட்டியது பொய்யொன்றே. அவர் அறிவிலியல்லர், தம் மொழியில் கிடைத்ததை நம்பினார். தமிழ் கற்ற யான் அவருக்கு அளித்ததோ ஒரு பழமொழி. பழமொழி நம் செல்வமே. ஆயினும் அது சான்றாகாது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே அளவையே பலகாலும் வற்புறுத்துகின்றார். மிகினும் குறையினும் நோய் என்கின்றார். மருத்துவத்தின் கூறுகளை எண்ணுமிடத்து நோயுற்றவனோடு தீர்ப்பவனையும் மருந்தையும் உடன்வைத்து எண்ணுகின்றாரேயன்றி, அவரை விலக்கினாரல்லர். இதனை அன்று யான் நினைந்திலேன்.

சென்ற திங்கள் ஊர் சென்றிருந்தபோது சித்தப்பா மெலிந்த குரலில் என்னை அழைத்து, "மக்கா, இனி எந்த எண்ணெய் வாங்கலாம்?" எனக் கேட்டார். யான் அறிந்ததைச் சொன்னேன். மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது என்பதையும் சொன்னேன். முழுதும் கேட்டிருந்துவிட்டு, "இதெல்லாம் நம்ம பாஷையிலே யாரும் எழுதி வைக்கலியே, மக்கா" என்றார். என்னை அவர் ஒரு சொல்லாலும் கடிந்தாரில்லை. அவ்வொரு வாக்கியமே எனக்குப் போதுமான கடிதலாயிற்று.

வாணியனுக்குக் கொடுப்போம், எது நல்லது என்று அறிந்து கொடுப்போம். வைத்தியனுக்குக் கொடுக்கவேண்டியதையும் காலத்திற் கொடுப்போம். இவ்விருவர்க்கும் நடுவே நின்று, மெய்யை மக்கள் மொழியிற் கூறும் பணி தமிழ் பயில்வார்க்கு உரியது. அப்பணியின் சிறு தொடக்கமாக இக்கட்டுரையை என் சித்தப்பாவுக்கும் அவர் போன்றார்க்கும் உரியதாக்குகின்றேன்.